முப்பத்திரண்டு கிராம் காற்று

ஒரு குழாய்க்குள் நொடிக்கு 1.700 கிலோ காற்று நுழைகிறது. கொஞ்ச தூரம் போய் நான்கு கிளைகளாகப் பிரிகிறது. வழியில் ஓட்டை கிடையாது. காற்றை உறிஞ்சவோ சேர்த்து வைக்கவோ எதுவும் கிடையாது. நான்கு கிளைகளிலும் போவதைக் கணக்கிட்டுக் கூட்டினால் 1.668 கிலோ வருகிறது. மீதி 32 கிராம் எங்கே போச்சு?

இது நிஜக் காற்று இல்லை, கணினிக்குள் ஓடிய காற்று. ஆகவே சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய் மூட்டு மூட்டாகத் தடவி, எங்கே குமிழி வருகிறது என்று பார்க்க முடியாது. பதினோரு வருடங்களுக்கு முன், வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடத்தில், காணாமல் போன இந்த 32 கிராமை ஒரே ஒரு பெருக்கலில் திரும்ப வரவழைத்தேன். நான் செய்தது பொய்யா, திருத்தமா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் திருத்தம் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். இப்போது நான் பார்ப்பது வேறு மாதிரியான மென்பொருள் வேலை. காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் கேள்வி மட்டும் போகவில்லை.

வேலை இதுதான். நான்கு மின்கருவிப் பெட்டிகளைக் குளிரவைக்கக் காற்று போகவேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் நொடிக்குக் குறைந்தது 0.420 கிலோ. பெரிய குழாய் ஒன்று, அதிலிருந்து 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள நான்கு கிளைகள். வடிவமைப்பு வாடிக்கையாளருடையது. அந்த வடிவத்தில் காற்று சரியாகப் பங்கு பிரியுமா என்று சிமுலேஷன் செய்து சொல்வது எங்கள் வேலை. குழாயின் உட்புறத்தைப் பல லட்சம் சின்னச் சின்னக் கட்டங்களாக, எங்கள் மொழியில் செல்களாக, வெட்டுவோம். அந்த வலைக்குப் பெயர் மெஷ். ஒவ்வொரு செல்லிலும் அழுத்தம் என்ன, வேகம் என்ன என்று சால்வர் ராத்திரி முழுக்கக் கணக்குப் போடும். காலையில் வந்தால் எண்கள் தயாராக இருக்கும். அதற்கப்புறம் அந்த எண்களிலிருந்து மனிதருக்குப் புரிகிற பதிலை எடுப்பதற்குப் பெயர் போஸ்ட்-ப்ராசஸிங். கஷ்டமான வேலை முடிந்தது, இனிமேல் கலர் கலராகப் படம் போடுவதுதான் பாக்கி என்று புதிதாக வருகிற எல்லோரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன்.

ஒரு கிளையில் எவ்வளவு காற்று போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்குவது மாதிரி, குழாயை ஒரு தளத்தால் குறுக்கே வெட்டுங்கள். ஒரு வட்டம் கிடைக்கும். அந்த வட்டத்தின் ஒவ்வொரு துணுக்கிலும் காற்றின் அடர்த்தியை எடுத்து, வட்டத்தைக் குறுக்கே கடக்கும் வேகத்தால் பெருக்கி, துணுக்கின் பரப்பால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டிவிடுங்கள். அவ்வளவுதான். 'குறுக்கே கடக்கும்' என்ற சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். முதல் தடவை நான் வேகத்தின் மொத்த அளவை எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டேன். நான்காவது கிளை ஒரு வளைவுக்கு அடுத்து வருவதால் அங்கே காற்று சுழன்றுகொண்டு போகிறது. அந்தச் சுழற்சியையும் சேர்த்து எண்ணியதில் உள்ளே போனதைவிட வெளியே வந்தது அதிகமாகிவிட்டது. காற்று உற்பத்திச் சாலை. அதைச் சரிசெய்த பிறகு வந்ததுதான் 1.668.

பாராவியூவில் நான்கு ஸ்லைஸ் போட்டு எடுத்த எண்கள்: 0.419, 0.418, 0.418, 0.413. எங்கள் டீம் லீடிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நல்ல மனுஷர். எனக்கு மெஷ் போடக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். அவர் முதலில் பார்த்தது அந்த நான்கை இல்லை, அவற்றின் கூட்டுத்தொகையை.

“டேலி ஆகலையேப்பா.”

“ஆமா சார். ரெண்டு பர்சென்ட் கிட்ட இடிக்குது.”

“கஸ்டமர் மொதல்ல இதைத்தான் பாப்பான். மாஸ் பேலன்ஸே இல்லைன்னா மிச்ச ரிசல்ட்டை எப்படி நம்புவான்? ஸ்கேல் பண்ணிடு.”

ஸ்கேல் பண்ணுவது என்றால் 1.700-ஐ 1.668-ஆல் வகுத்து வரும் 1.019-ஆல் நான்கையும் பெருக்குவது. பெருக்கினேன். 0.427, 0.426, 0.426, 0.421. கூட்டினால் கச்சிதமாக 1.700. அதோடு இன்னொன்றும் நடந்தது. பெருக்குவதற்கு முன் நான்கு கிளைகளும் 0.420-க்குக் கீழே இருந்தன, பெருக்கியபின் நான்கும் மேலே வந்துவிட்டன. நான்காவதும் மயிரிழையில் பாஸ். ரிப்போர்ட் போய்விட்டது. ஸ்கேல் செய்தோம் என்ற வரி அதில் இல்லை.

இதில் எனக்குக் குறுகுறுப்பு எதுவும் இருக்கவில்லை. காரணம், என் பக்கம் நியாயம் பலமாக இருந்தது. நிறை அழியாது, புதிதாகப் பிறக்கவும் செய்யாது. உள்ளே போனது 1.700 என்றால் வெளியே வந்தது 1.700-தான், அதில் யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது. 1.668 என்பதுதான் பொய். பொய்யான எண்ணை உண்மையான எண்ணாக மாற்றுவது எப்படிப் பொய்யாகும்? பரீட்சைத் தாளில் இரண்டும் இரண்டும் ஐந்து என்று எழுதிவிட்ட பையன் அதை அடித்து நான்கு என்று எழுதினால் அவனை யாராவது ஏமாற்றுக்காரன் என்பார்களா?

இந்த வாதம் எளிதில் உடையக்கூடியது இல்லை. 'எண்ணை மாற்றுவது தப்பு' என்று ஒரே போடாகப் போட்டுவிட முடியாது. மாற்றியபின் கிடைத்த கூட்டுத்தொகை மாற்றுவதற்கு முன் இருந்ததைவிட உண்மைக்கு அருகில் இருக்கிறது. உண்மையை நோக்கித்தான் நகர்த்தியிருக்கிறேன்.

இந்த மாதிரி ஒரு நகர்த்தலை நான் அதற்கு முன்பே செய்திருக்கிறேன். இந்த நாட்டில் மெக்கானிக்கலோ சிவிலோ படித்தவர்களில் அதைச் செய்யாதவர்களை நான் சந்தித்ததில்லை. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப், வென்சுரிமீட்டர். குழாயின் நடுவே இடுப்பு ஒடுங்கிய ஒரு பகுதி இருக்கும். அங்கே பாதரச மானோமீட்டரில் உயர வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டால் கொள்கைப்படி எவ்வளவு தண்ணீர் போகவேண்டும் என்று சூத்திரம் சொல்லும். நிஜமாக எவ்வளவு போகிறது என்பதற்கு, தண்ணீர் விழும் தொட்டியில் மட்டம் பத்து சென்டிமீட்டர் ஏற எத்தனை நொடி ஆகிறது என்று ஸ்டாப் வாட்ச்சில் பார்க்கவேண்டும். இரண்டுக்கும் உள்ள விகிதம் சி.டி. அது 0.97, 0.98 என்று வரவேண்டும் என்பது லேப்புக்குள் காலடி வைப்பதற்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். சீனியர் ரெக்கார்டு நோட்டு கையில் இருக்கும்.

எங்கள் பேட்ச்சுக்கு 0.83 வந்தது. வால்வைத் திருப்பி ஓட்டத்தைக் குறைத்தால் இன்னும் மோசமாக 0.74. அதிகமாகத் திறந்துவிட்டால் 0.9-ஐ நெருங்கியது. லேப் அசிஸ்டென்ட் அண்ணா எட்டிப் பார்த்துவிட்டு, “நேரத்தைக் கொறைச்சுப் போட்டுக்கோங்க தம்பி” என்றார். பின்னாலிருந்து கணக்குப் போட்டோம். சி.டி. 0.97 என்று எழுதிவிட்டு அதற்கு எத்தனை நொடி ஆகியிருக்கவேண்டும் என்று தலைகீழாகக் கணக்கிட்டு, அப்பட்டமாகத் தெரியக்கூடாதே என்று ஒரு ரீடிங்கில் 0.96, ஒன்றில் 0.98 என்று தூவிவிட்டோம். கிராஃப் அழகாக வந்தது. வைவாவில் பத்துக்கு ஒன்பது.

அப்போதும் நாங்கள் உண்மையை நோக்கித்தான் நகர்ந்தோம். வென்சுரிமீட்டரின் சி.டி. நிஜமாகவே 0.97 சொச்சம்தான். எங்கள் ரெக்கார்டு நோட்டில் வென்சுரிமீட்டரைப் பற்றி எழுதியது எதுவும் தவறில்லை. ஆனால் அந்த 0.83 வென்சுரிமீட்டரைப் பற்றிப் பேசவில்லை. அது தொட்டியைப் பற்றிப் பேசியது. தொட்டியின் அடியில் தண்ணீரைத் திறந்துவிடுகிற வால்வு சரியாக மூடவில்லை. மேலே விழுகிற தண்ணீரில் ஒரு பகுதி கீழே ஒழுகிக்கொண்டிருந்தது. ஓட்டம் குறைவாக இருக்கும்போது ஒழுகலின் பங்கு அதிகம், அதனால்தான் 0.74. மூன்று எண்களையும் பக்கத்தில் வைத்துப் பத்து நிமிடம் யோசித்திருந்தால் வால்வு வரைக்கும் போயிருக்கலாம். வால்வு ஒழுகுவது எனக்குத் தெரிந்தது அடுத்த வருடம், வேறொரு சோதனைக்காக அதே தொட்டிக்கு அடியில் குனிந்தபோது, செருப்பு நனைந்து. எங்களுக்கு முன்னால் எத்தனை பேட்ச், பின்னால் எத்தனை பேட்ச், எல்லோருடைய நோட்டிலும் 0.97. எல்லோருமே சரியாக எழுதியதால் ஒழுகல் யாருக்கும் தெரியவில்லை.

ரிப்போர்ட் போன மூன்று வாரம் கழித்து வேறொரு வேலைக்காக ஓப்பன்ஃபோமின் கோப்புகளை நோண்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒவ்வொரு நேரப்படிக்கும் வேகத்துக்கு ஒரு கோப்பு, அழுத்தத்துக்கு ஒரு கோப்பு, கூடவே ஃபை என்று ஒரு கோப்பு இருக்கும். அதுவரை நான் அதைத் திறந்து பார்த்ததில்லை. செல்களுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு முகத்தின் வழியாகவும் எவ்வளவு பாய்கிறது என்று சால்வர் தனக்காக எழுதி வைத்துக்கொள்ளும் கணக்கு அது. காற்றின் அடர்த்தி மாறாது என்று வைத்துக்கொள்ளும் சால்வர்களில் அது கன மீட்டர் கணக்கில் இருக்கும். அடர்த்தியால் பெருக்க மறந்தால் 1.700-க்குப் பதிலாக 1.417 என்று வந்து இன்னொரு பீதியைக் கிளப்பும். பெருக்கி, கிளை கிளையாகக் கூட்டிப் பார்த்தேன். 0.429, 0.429, 0.428, 0.414. மொத்தம் 1.700. ஒரு கிராம்கூடக் குறையவில்லை. பெருக்கலும் தேவைப்படவில்லை.

நான்காவது 0.414. அதாவது ஃபெயில்.

ஒரே சிமுலேஷனில் எப்படி இரண்டு பதில்? இந்த முறையில் ஒரு செல்லுக்கு உண்மையில் இரண்டு விதமான வேகங்கள் இருக்கின்றன. செல்லின் மையத்தில் ஒரு வேகம் இருக்கும். அது விசைகளின் கணக்கைச் சரிபார்த்து வந்தது. முகத்தின் வழியான பாய்வு தனியாக இருக்கும். அது நிறையின் கணக்கைச் சரிபார்த்து வந்தது. பக்கத்துப் பக்கத்து மையங்களின் வேகத்தைச் சராசரி எடுத்தால் முகத்தின் பாய்வு கிடைத்துவிடும் என்றுதான் தோன்றும். அப்படிச் செய்தால் அழுத்தம் சதுரங்கப் பலகை மாதிரி ஒன்று விட்டு ஒன்று ஏறி இறங்கினாலும் கணக்குக்கு அது தெரியாமல் போய்விடும். 1983-இல் ரீ, சௌ என்ற இருவர் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். முகத்தின் பாய்வைக் கணக்கிடும்போது அழுத்தத்திலிருந்து வரும் ஒரு சிறு திருத்தத்தைச் சேர்த்துக்கொள்வது. இன்று பரவலாகப் பயன்படும் பல சால்வர்களில் அந்த யோசனையின் ஏதோ ஒரு வடிவம் இருக்கிறது. ஆகவே மையத்து வேகமும் முகத்துப் பாய்வும் அண்ணன் தம்பிதான், இரட்டையர் இல்லை. ஸ்லைஸ் போடும்போது நாம் கேட்பது மையத்து வேகத்தை. நிறைக்குப் பொறுப்பு சொல்லவேண்டியது முகத்துப் பாய்வு. தப்பான ஆளிடம் சாட்சி கேட்டிருக்கிறேன்.

ஆனால் என் 32 கிராமில் பெரும்பங்கு அங்கேகூடப் போகவில்லை. அது சுவரோரத்தில் போயிருந்தது. பாராவியூ வழுவழுப்பான படம் காட்டுவதற்காக மையத்து வேகங்களை மூலைப் புள்ளிகளுக்கு மாற்றிக்கொள்ளும். சுவர்மேல் இருக்கும் புள்ளியில் வேகம் பூஜ்யம். முதல் செல்லின் தடிமன் மூன்று மில்லிமீட்டர், அதன் மையம் சுவரிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர். நிஜக் காற்றின் வேகம் சுவரை விட்டு நகர்ந்த மாத்திரத்தில் விருட்டென்று ஏறிவிடும். ஸ்லைஸோ பூஜ்யத்திலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் வரைக்கும் ஒரு நேர்கோடு போட்டுவிடுகிறது. 150 மில்லிமீட்டர் குழாயில் ஓரத்து ஒன்றரை மில்லிமீட்டர் வளையம் மொத்தப் பரப்பில் நான்கு சதவீதம். அந்த வளையத்தில் பாதிப் பாய்வு கணக்கில் விட்டுப்போனால் சுமார் இரண்டு சதவீதம். முதல் மூன்று கிளைகளிலும் விட்டுப்போனது கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

நான்காவது கிளையில் விட்டுப்போகவில்லை. காற்று அங்கே சுழல்கிறதே என்று பயந்து அந்தக் கிளைக்கு மட்டும் சுவரோரத்தில் மிக மெல்லிய செல்கள் போட்டிருந்தேன். அங்கே ஸ்லைஸ் சொன்ன 0.413 ஏறக்குறைய சரி. ஆக, நான்கு சாட்சிகளில் மூவர் கொஞ்சம் மறதிக்காரர்கள், ஒருவர் நிதானமாகப் பார்த்துச் சொன்னவர். நான் நால்வரின் வாக்குமூலத்தையும் ஒரே அளவுக்குத் திருத்தினேன். சரியாகச் சொன்னவரின் வாயிலிருந்து பொய்யை வரவழைத்தேன். அந்தப் பொய்தான் பெட்டியை பாஸ் பண்ணியது.

என் பழைய வாதம் எங்கே இடறியது என்று அன்றைக்குத்தான் ஓரளவு புரிந்தது. கூட்டுத்தொகை 1.700 என்பது எனக்குத் தெரியும். அது எனக்கு எப்போதுமே தெரியும், சிமுலேஷன் செய்வதற்கு முன்பே தெரியும், ஏனென்றால் அதைக் கொடுத்ததே நான். வாடிக்கையாளர் காசு கொடுத்தது அதைத் தெரிந்துகொள்ள இல்லை. பங்கு எப்படிப் பிரிகிறது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்த ஒன்றைக் காட்டி தெரியாத நான்கைத் திருத்தினேன். திருத்தும்போது 'பிழை நால்வருக்கும் சமம்' என்ற ஒரு புதிய கூற்றை, யாரும் பார்க்காதபோது, உள்ளே வைத்தேன். இரண்டும் இரண்டும் நான்கு என்று மாற்றி எழுதிய பையன் அப்படி எதையும் உள்ளே வைக்கவில்லை.

டேலி ஆகிவிட்டதே, ஃபை சொன்னதுதான் அப்போ உண்மை என்று இங்கே முடித்துவிடத் தோன்றும். எனக்கும் ஒரு நாள் முழுக்க அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஃபை டேலி ஆவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அழுத்தத்தைத் திருத்தி, ஒவ்வொரு செல்லுக்கும் வந்ததும் போனதும் சமமாகும்படி செய்துவிட்டுத்தான் சால்வர் அடுத்த சுற்றுக்குப் போகிறது. பாதியில் நிறுத்திய, அரைவேக்காட்டுச் சிமுலேஷனிலும் ஃபை டேலி ஆகும். செங்கல் செங்கலாகப் பெரிய செல்கள் போட்டு, அபத்தமான பதில் வந்தாலும் டேலி ஆகும். எது எப்போதும் சமன்படுமோ அதனால் எச்சரிக்க முடியாது. டேலி ஆகாமல் போகக்கூடிய கணக்குக்கு மட்டும்தான் டேலி ஆனதாகப் பெருமைப்படும் உரிமை உண்டு. அந்த வகையில் அசிங்கமாக 1.668 என்று வந்து நின்ற ஸ்லைஸ்தான் சுவரோரத்தில் மெஷ் போதவில்லை என்று எனக்குத் தெரிவித்தது. அதைக் கேட்காமல் வாயை மூடிவிட்டேன்.

கணக்கு சமன்படவேண்டும் என்ற எண்ணத்தை வேதியியலுக்குள் கொண்டுவந்து உட்காரவைத்தவர்களில் முக்கியமானவர் லவாய்சியே. அவர் பிழைப்புக்குச் செய்தது வரி வசூல். பிரெஞ்சு அரசருக்காக வரியைக் குத்தகைக்கு எடுத்து வசூலித்த நிறுவனத்தின் பங்குதாரர் அவர். பாரீஸ் நகரத்துக்குள் வரி கட்டாமல் சரக்கு நுழைவதைத் தடுக்க ஊரைச் சுற்றி ஒரு மதில் எழுப்பலாம் என்று யோசனை சொன்னவரும் அவரே. 1780-களில் அது கட்டப்பட்டது. ஒரு மூடிய எல்லை, அங்கங்கே வாசல்கள், வாசலில் நின்று உள்ளே போவதை எண்ணும் ஆள். இன்று நான் ஒரு குழாயைச் சுற்றிக் கற்பனையாக வரைகிற எல்லையை அவர் கல்லில் கட்டினார். ஆய்வகத்திலும் அதையேதான் செய்தார். மூடிய கண்ணாடிக் கலத்தில் பாதரசத்தைப் பன்னிரண்டு நாள் சூடாக்கிக் காற்றில் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தார். அவருக்கு முன்னால் இருந்தவர்கள் எரிவது என்றால் ஃப்ளோஜிஸ்டன் என்ற ஒன்று வெளியேறுவது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். உலோகத்தைச் சுட்டால் எடை கூடுகிறதே, ஒன்று வெளியேறினால் குறையத்தானே வேண்டும் என்று கேட்டபோது, அவர்களில் சிலர் ஃப்ளோஜிஸ்டனுக்கு எதிர்மறை எடை என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். அவர்களுடைய 1.019 அது. லவாய்சியே அந்த மிச்சத்தை மிச்சமாகவே எடுத்துக்கொண்டு அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனார். 1794 மே 8-ஆம் தேதி, மற்ற வரிக் குத்தகைக்காரர்களோடும் தன் மாமனாரோடும் சேர்த்து அவர் கில்லட்டினில் கொல்லப்பட்டார். மதிலுக்கும் அந்தக் கோபத்தில் பங்கு உண்டு. எல்லையில் நின்று எண்ணுகிறவனை யாருக்கும் பிடிப்பதில்லை.

திருத்துவதே கூடாது என்பதல்ல. சிவில் நண்பர்கள் சர்வே கேம்ப்பில் ஒரு நிலத்தைச் சுற்றி அளந்துகொண்டு வந்தால் தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வரவேண்டும், வராது, அரை அடி தள்ளி நிற்கும். அதற்குக் குளோசிங் எரர் என்று பெயர் வைத்து, கோடுகளின் நீளத்துக்கு ஏற்றபடி பங்கிட்டுத் திருத்துவார்கள். பௌடிட்ச் விதி. நான் செய்ததற்கும் இதற்கும் கணக்கில் வித்தியாசம் குறைவு. ஆனால் அவர்கள் எவ்வளவு தள்ளி நின்றது என்பதை முதலில் எழுதுகிறார்கள், அளவுக்கு மேல் போனால் திரும்பவும் அளக்கப் போகிறார்கள், திருத்தத்தைத் தனிப் பத்தியில் போடுகிறார்கள், ஃபீல்டு புக்கில் ரப்பர் வைப்பதில்லை.

இதைவிடப் பெரிய உதாரணம் காலநிலை மாதிரிகள். வளிமண்டலத்துக்கு ஒரு மாதிரி, கடலுக்கு ஒரு மாதிரி. தனித்தனியாக ஓட்டினால் ஒழுங்காக இருந்தவை, 1980-களின் கடைசியிலும் 90-களிலும் இரண்டையும் இணைத்து ஓட்டியபோது எல்லையில் இடித்தன. ஒன்று கொடுக்கும் வெப்பமும் நீரும் மற்றது எதிர்பார்ப்பதோடு ஒத்துப்போகவில்லை. வெளியிலிருந்து யாரும் எதுவும் செய்யாமலே கணினிக்குள் இருந்த பூமி மெல்ல நழுவி வேறொரு காலநிலைக்குப் போனது. அதனால் கடல் மேற்பரப்பில் இடத்துக்கு இடம் ஒரு திருத்தத்தைச் சேர்த்து நழுவாமல் பிடித்து வைத்தார்கள். சில இடங்களில் அது சதுர மீட்டருக்குப் பத்துக்கணக்கான வாட். கார்பன் டை ஆக்ஸைடு இரட்டிப்பானால் வரும் கூடுதலோ நான்கு வாட்டுக்குக் கொஞ்சம் கீழேதான். தேடுகிற பொருளைவிடப் பெரிய திருத்தம்! அதை அவர்கள் ஒளிக்கவில்லை. பெயர் வைத்தார்கள், அளவை வெளியிட்டார்கள், அதற்காகத் திட்டு வாங்கினார்கள். திட்டு வாங்கியதாலேயே அது ஒரு கடனாக அவர்கள் தலைமேல் இருந்தது. பிரிட்டனின் ஹாட்லி மையத்து மாதிரியில் இரண்டாம் பதிப்புக்கு அந்தத் திருத்தம் தேவைப்பட்டது. மூன்றாம் பதிப்புக்குத் தேவைப்படவில்லை. ஒளித்து வைத்திருந்தால் அதை நீக்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

என் விஷயத்துக்கு வருகிறேன். அது இவ்வளவு கம்பீரமானது இல்லை. டீம் லீடிடம் போய் 0.414-ஐச் சொன்னேன். மூன்று கிளைகளுக்கும் மெல்லிய செல்கள் போட்டு மறுபடி ஓட்டியிருந்தேன். ஸ்லைஸும் ஃபையும் இப்போது நெருங்கி வந்திருந்தன, நான்காவது கிளை மட்டும் 0.415-இல் நின்றது. அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

“ஒன்றரை பர்சென்ட்டு கூட இல்லப்பா. நம்ம டர்புலன்ஸ் மாடலோட பிழையே அதைவிட ஜாஸ்தி இருக்கும். அவங்க டிசைன்ல மார்ஜின் வெச்சிருப்பாங்க.”

அவர் சொன்னது உண்மை. அந்த ஆறு கிராம் காற்றுக்காக எந்தப் பெட்டியும் தீப்பற்றப் போவதில்லை. யாரும் சாகாத ஒரு விஷயத்தில் ஒழுக்கம் பேசுவது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் மார்ஜின் வைத்தவர்கள் அதை எங்களுடைய தெரியாமைக்காக வைத்தார்கள். எங்களுக்குத் தெரிந்ததை அதற்குள் தள்ளிவிடுவதற்காக வைக்கவில்லை. இதை அன்றைக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னேனா என்றால், இல்லை. “சார், அப்டேட் பண்ணிடலாமே சார்” என்று மட்டும் சொன்னேன். அவர் சரி என்றார். இரண்டாவது ரிப்போர்ட் போனது. முதல் பக்கத்தில் 'முடிவுகள் புதுப்பிக்கப்பட்டுள்ளன' என்று ஒரு வரி. ஏன் என்று எழுதவில்லை. எழுதாமல் விட்டது அவர் இல்லை, நான்தான்.

இரண்டு நாளில் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து போன். எங்களைப் போலவே சின்ன வயது, பெண் குரல். மற்ற மூன்று கிளைகளும் லேசாகத்தான் மாறியிருக்கின்றன, அதுவும் கூடியிருக்கின்றன, நான்காவது மட்டும் எப்படிக் குறைந்தது என்று கேட்டார். மெஷ் மாற்றினோம் என்றேன். நான்காவதின் மெஷ்ஷையும் மாற்றினீங்களா? இல்லை. அப்புறம் அது ஏன் மாறணும்?

கேபினுக்கு வெளியே காபி மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சொல்லிவிட்டேன். ஸ்லைஸ், 1.668, 1.019, எல்லாவற்றையும். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம். திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவர், “பெருக்கறதுக்கு முன்னாடி இருந்த நாலு நம்பரை அனுப்புறீங்களா?” என்றார். அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. மூன்றாவது ரிப்போர்ட் வேண்டும், அதில் அட்டவணையில் இரண்டு முறைகளின் எண்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கவேண்டும், முதல் மெஷ்ஷின் எண்களும் வேண்டும், கடைசி வரிசையில் எவ்வளவு இடிக்கிறது என்று கிலோவில் வேண்டும், சதவீதத்தில் வேண்டாம். நான்காவது கிளையின் வளைவில் ஒரு தடுப்புத் தகடு வைக்கப் போவதாகவும் சொல்லியிருந்தார்.

அட்டவணையைத் தயார் செய்து டீம் லீடிடம் காட்டினேன். கடைசி வரிசையில் 0.032 என்று இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இது இருக்கட்டும். ஆனா இந்த ஒரு வரிக்கு மட்டும் ஃபான்ட்டைக் கொஞ்சம் சின்னதாக்கிடு” என்றார்.

எட்டு பாயின்ட்டாக்கி அனுப்பினேன்.